டர்பன் சந்தையில் காலை வியாபார முதலுக்கு யாரிடம் போவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வார்விக் பகுதித் தெருவோரத்தில் கீரையும் தக்காளியும் விற்கும் பெண்ணுக்கு விடியும் முன்பே முதல் வேண்டும். கிளேர்வுட் மொத்தச் சந்தையில் வாய்ப்பேச்சு எடுபடாது, அந்தச் சந்தையின் அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டிருக்க வேண்டும். கையில் காசில்லை என்றால் வழி மூன்றுதான்: மஷோனிசா, ஸ்டோக்வெல், வார்விக்கில் 1910 முதல் நடந்துவரும் அதிகாலைச் சந்தையில் மேசை போட்டு விற்கும் மேசைக்காரர்.

மஷோனிசா தெருவில் வட்டிக்கு விடுபவர். கேட்ட அன்றே பணம் வரும். 1000 ரேண்ட் வாங்கினால் மாதக் கடைசியில் 1300, ஆளைப் பார்த்து 1500 கூடக் கேட்பார்கள். பலர் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். 2005 தேசியக் கடன் சட்டப்படி அது குற்றம். பிள்ளைக்கு வரும் அரசு மானியம் தாயின் கைக்கு வருமுன்பே போய்விடுகிறது. வேறு வழி இருக்கும்வரை அந்தப் பக்கமே போகக்கூடாது.

ஸ்டோக்வெல் நம் ஊர்ச் சீட்டைப் போலத்தான். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறைவைத்து எடுப்பார்கள், அல்லது டிசம்பரில் மொத்தமாகப் பிரித்துக்கொள்வார்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால் வங்கிச் சட்டத்திலிருந்தே விலக்கு உண்டு. ஜனவரியில் பள்ளிச் சீருடை வாங்க இதைவிட நல்லது இல்லை. ஆனால் இன்று மழையில் தக்காளி அழுகிவிட்டால், நாளைக் காலைக்கு அது உதவாது.

அந்தக் காலைக்கு மேசைக்காரர்தான். அங்கே நிற்பவர்களில் பலர், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் தோட்டம் போட்ட நம்மவர்களின் பேரப்பிள்ளைகள். பத்துக் கட்டு கொத்தமல்லி, ஒரு பெட்டி தக்காளி என்று எடுத்துப்போனால், அட்டைப்பெட்டி மடிப்பில் பெயரும் எண்ணிக்கையும் ஏறும். விற்றபின் பணம். வட்டி கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

ஆனால் முறை உண்டு, அது இரண்டு பக்கத்துக்கும் பொது. கடனுக்கு எடுப்பவளுக்கும் ரொக்க விலைதான் போட வேண்டும். பெட்டியின் மேலே சிவந்த பழம், அடியில் நைந்தது என்று தள்ளிவிடக் கூடாது. அவளும், "மா, மழை பெய்துவிட்டது, நாளைக்குத் தருகிறேன்" என்று வந்து சொல்லிவிட்டால் போதும், தாமதத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பாக்கியை வைத்துக்கொண்டு அடுத்த வாசல் வழியாகப் போய் வேறு மேசையில் ரொக்கத்துக்கு வாங்குவதுதான் துரோகம். அந்தச் செய்தி மதியத்துக்குள் எல்லா மேசைக்கும் போய்விடும். அப்புறம் அவளுக்கு யாரும் பெட்டி தூக்கித் தரமாட்டார்கள். 2009-இல் நகராட்சி இங்கே வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டபோது உள்ளே மேசை வைத்திருந்தவர்களும் வெளியே தெருவில் விற்றவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். இந்தக் கணக்கு அவர்களை எவ்வளவு கட்டிப்போட்டிருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. மலாவியிலிருந்தோ மொசாம்பிக்கிலிருந்தோ வந்த புதியவளுக்கு இந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. முகம் தெரியாது என்ற ஒரே காரணத்தால் அவள் மஷோனிசாவிடம் போகிறாள். மேசைக்காரர்கள் முதல் வாரம் இரண்டு கட்டு கொடுத்துப் பார்க்கலாம். பணம் திரும்பி வந்தால் நாலு கட்டு. வராவிட்டால் இரண்டு கட்டு கொத்தமல்லிதான் நட்டம்.