இல்லாத திரையில் தொலையும் மவுஸ்

ஹோம் தியேட்டரைக் கொம்பியூட்டரில் கொழுவ சத்தத்தை ஒளியாகக் கொண்டுபோகிற ஒப்டிக்கல் வயர் வாங்கவா, படமும் சத்தமும் சேர்ந்து போகிற எச்.டி.எம்.ஐ வாங்கவா என்று போன கிழமை மச்சான் கேட்டான். நாலு வருசமாக என் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும், ஆளுக்கொன்றாக ஆறு சனல் சத்தம்) கொம்பியூட்டரோடுதான் ஓடுகிறது. ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

முதலில் நான் வாங்கியது ஒப்டிக்கல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடைக்காரர் "இதுதான் திறம் தம்பி" என்று தந்தார். வயரில் குறையில்லை. ஆனால் அதில் சுருக்காத சத்தம் இரண்டு சனல்தான் போகும். ஆறும் வேண்டுமென்றால் டொல்பி டிஜிட்டலாகவோ டி.டி.எஸ் ஆகவோ சுருக்கி அனுப்ப வேண்டும். படத்திலேயே அந்தத் தடம் இருந்தால் சரி. கேம் சத்தத்தை என் மதர்போர்டு அப்படிச் சுருக்கித் தராது. பின் ஸ்பீக்கர் இரண்டும் சும்மா நின்றன.

எச்.டி.எம்.ஐக்கு மாறினேன். எட்டு சனல் வரை சுருக்காமலே போகும். வினையும் அங்கேதான் தொடங்கியது. ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ரிசீவர் பெட்டியைக் கொம்பியூட்டர் இன்னொரு மொனிட்டர் என்று நினைத்துக்கொள்கிறது. மவுஸ் வலது ஓரத்தைத் தாண்டினால் ஆளைக் காணோம். ஒருநாள் கரண்ட் பில் கட்டத் திறந்த வங்கிப் பக்கம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. கையில் ஓ.டி.பி இருக்கிறது, அடிக்கத்தான் இடமில்லை! விண்டோஸ், ஷிப்ட் இரண்டையும் அமத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் திரும்பி வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

சரி, அந்தத் திரையை நிறுத்திவிடலாம் என்றால் சத்தமும் நின்றுவிடும். எச்.டி.எம்.ஐயில் சத்தத்துக்குத் தனிப் பாதை கிடையாது. படத்தின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் வருகிற சின்ன இடைவெளியில்தான் அது ஏறிப் போகிறது. இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டச் சொன்னால், நொடிக்கு 144 தடவை படம் மாற்றுகிற என் 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர் ரிசீவரின் 60க்கு இறங்கிவிடுகிறது. கடைசியில் டிஸ்ப்ளே செட்டிங்கில் அந்தப் பேய்த் திரையை மூலையோடு மூலை மட்டும் தொடுகிற மாதிரி இழுத்துவிட்டேன். இப்போது மவுஸ் எப்போதாவதுதான் தொலைகிறது.

சத்தத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனபின் தொடர்வது எங்கள் வீட்டுப் பழக்கம். ஒருநாள் படத்தில், இடது பின் ஸ்பீக்கரில் ஒரு ரயில் வந்தது. அக்காவோடு போனில் கதைத்துக்கொண்டிருந்த அம்மா பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு, அது போய் முடியும்வரை காத்திருந்தா.

எச்.டி.எம்.ஐ வாங்கு என்று சொல்லத்தான் மச்சானுக்கு இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடிப்பதற்குள் மவுஸ் ஒருதரம் போய் வந்துவிட்டது. ஒன்றும் வாங்காதே. இரண்டு ஸ்பீக்கரும் கொம்பியூட்டரின் பச்சை ஜாக்கும் போதும். கேட்கமாட்டாய் என்றால், என் ஒப்டிக்கல் வயர் லாச்சிக்குள் சும்மாதான் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ.