கடல் இல்லாத ஊரில் ஒரு கடல் பாடம்

கோவையில் நான் படிக்கிற கல்லூரியில் போன செமஸ்டர் 'மனிதரும் கடலும்' என்ற விருப்பப்பாடத்தை எடுத்தேன். காங்கேயத்துக்காரனுக்குக் கடல் எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம், "ஏஞ்சாமி, வேற பாடமே கெடைக்கலையா?" என்றார் அம்மா. அடுத்த வருசம் சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் தயங்காமல் சேருங்கள்.

வரலாறு, விலங்கியல், வணிகவியல், தமிழ் என நான்கு துறை ஆசிரியர்கள் மாறி மாறி எடுக்கிறார்கள். முதல் வாரமே கொடுமணல். நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், எத்தனையோ தடவை பைக்கில் கடந்திருக்கிறேன். அங்கே அகழாய்வில் கல்மணிகளோடு சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன என்று படம் போட்டுக் காட்டியபோதுதான், கடலில் விளைந்த சங்கு இவ்வளவு தூரம் உள்ளே வந்து யாரோ ஒரு பெண்ணின் கையில் ஏறியிருக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்த கதையும் அதே வகுப்பில்தான்.

விலங்கியல் வகுப்பு வேறு மாதிரி. திருப்பூர்ச் சாயத்தண்ணீர் நொய்யலில் இறங்கி, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது எங்களுக்குத் தெரியும், சித்தப்பா தோட்டத்துக் கிணறும் அப்படிப் போனதுதான். ஆனால் நொய்யல் காவிரியில் சேர்ந்து, காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டும்வரை, அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில் மீன் பிடிக்கிறவர்களை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கடல் சட்டம் சுமார்தான். 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, ஒரு நாட்டின் கடல் எல்லையான 12 கடல் மைல், மீனுக்கும் கனிமத்துக்கும் அந்த நாட்டுக்கு உரிமையுள்ள 200 கடல் மைல், எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் வாசித்து முடித்துவிட்டார்கள்.

தூத்துக்குடிப் பயணம் இரண்டே நாள். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கையை நிறுத்தாமலே வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் ஊரில் ஆடிக்காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் என்றேன். "மேக்க இருந்துதானே? அதான் எங்க கச்சான்" என்றார். வகுப்புக்கே அவரை ஒருநாள் கூட்டி வந்திருக்கலாம்.

பெரிய குறை, பயணத்தை ஏப்ரல் கடைசியில் வைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன, ஏலக்கூடத்திலும் நாட்டுப்படகு மீன் கொஞ்சம்தான். கடலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் இதைப் பார்த்துத் தேதி வைத்திருக்க வேண்டாமா? சேருகிறவர்கள் மார்ச்சிலேயே கூட்டிப் போகச் சொல்லி இப்போதே கேட்டு வையுங்கள்.