நீம் தகவல் பரிமாற்றத் தரம்: நிதி கேட்கும் அறிக்கைக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

அமெரிக்காவின் நீதித் துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2005இல் தொடங்கிய நேஷனல் இன்ஃபர்மேஷன் எக்ஸ்சேஞ்ச் மாடல், சுருக்கமாக நீம், கட்டணமின்றி எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு பொதுத் தரவு அகராதியாகும்; அதாவது, அலுவலகங்கள் பரிமாறும் விவரங்களுக்கான பொதுவான பெயர்களும் பொருள்களும் கொண்ட தொகுப்பு. நிரலாளர்கள் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். காவல் துறை, நீதிமன்றம், சிறை ஆகியவற்றை இணைக்கும் திட்டத்துக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று அரசிடம் கேட்டு பிசினஸ் கேஸ், அதாவது செலவையும் பயனையும் விளக்கி நிதி கேட்கும் அறிக்கை, எழுதுகிறவருக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதையே இங்கு மதிப்பிடுகிறேன்.

ஒருவர் கைதானதும் அவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் குற்றச்சாட்டையும் காவலர் கணினியில் ஏற்றுகிறார். அதே விவரங்களைச் சிறை அலுவலரும், அரசு வழக்கறிஞர் அலுவலகமும், நீதிமன்ற எழுத்தரும், நன்னடத்தை அலுவலரும் தத்தம் கணினிகளில் மறுபடியும் தட்டச்சு செய்கிறார்கள். ஒருமுறை ஏற்றிய விவரத்தை மற்றக் கணினிகளும் அதே பொருளில் படிக்க வழிசெய்வதே நீமின் வேலை. அந்த விவரம் அரைகுறையாக இருக்கும்போது அதன் கவனமான வடிவமைப்பு தெரிகிறது. கைதானவர் பிறந்த ஆண்டை மட்டுமே சொல்லும்போது, முழுத் தேதியைக் கட்டாயமாகக் கேட்கும் மென்பொருளில் ஜனவரி 1 என்று போட்டு நிரப்பிவிடுவார்கள். இல்லாத அந்தத் தேதி பின்னர் வேறொருவரின் பதிவோடு பொருந்திவிட்டால், தொடர்பே இல்லாத மனிதர் ஒருவர் காவலில் நிற்க நேரிடும். நீமில் பிறந்த தேதியைக் குறிக்கும் 'பெர்சன் பர்த் டேட்' என்ற உறுப்புக்குள் முழுத் தேதியையும் வைக்கலாம், ஆண்டை மட்டுமாகவும் வைக்கலாம். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே பதிய இடம் தருவதை நான் மிகப் பெரிய நற்பண்பாகக் கருதுகிறேன்.

செலவுக் கணக்கிலும் அது கைகொடுக்கிறது. எட்டு அலுவலகங்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைத்தால் 28 இணைப்புகளைக் கட்டிப் பராமரிக்க வேண்டும்; பொது அகராதி இருந்தால் ஒவ்வொரு அலுவலகமும் தன் தரவை அதற்கு ஒருமுறை பொருத்தினால் போதும். நிதிக் குழுவில் அமர்ந்திருப்பவர்களுக்கு, தரவை எழுதப் பயன்படும் எக்ஸ்எம்எல் என்ற கணினிக் குறிமொழி புரிய வேண்டியதில்லை. 28க்கும் 8க்கும் உள்ள வேறுபாடு உடனே புரியும்.

ஆயினும் தட்டச்சு நேரம் மிச்சமாகும் என்பதை மட்டும் நம்பி எழுதப்படும் அறிக்கை நிற்காது என்பது என் உறுதியான கருத்து. மிச்சமாகும் நிமிடங்களுக்காக எந்த அலுவலகமும் ஆள்களைக் குறைப்பதில்லை என்பதை நிதித் துறையினர் நன்கு அறிவார்கள். முடிவெடுக்கும் தருணத்தில் தகவல் இல்லாமல் போனதற்குச் சமூகம் கொடுத்த விலையே வலுவான வாதம். டெக்சஸ் மாநிலத்தின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 2017 நவம்பர் 5 அன்று 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி குடும்ப வன்முறைக்காக 2012இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்; அந்தத் தீர்ப்பை விமானப்படை எஃப்பிஐக்கு அனுப்பாததால், பின்னணிச் சோதனையில் அவர் தேறித் துப்பாக்கி வாங்க முடிந்தது. அந்தப் படுகொலைக்கான பொறுப்பில் 60 விழுக்காடு அரசையே சேரும் என்று கூட்டாட்சி நீதிபதி 2021இல் தீர்ப்பளித்தார். 2023இல் அரசு 14.45 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

இதே நிகழ்வு நீமின் எல்லையையும் காட்டுகிறது. அனுப்பப்படும் தகவல் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை நீம் வரையறுக்கும்; அனுப்ப வேண்டிய கடமை யாருடையது, அனுப்பாவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது யார் என்பவற்றுக்கு அதில் விடை இல்லை. எனவே தரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்ற ஒரு வரியைக் காட்டி நிதி கேட்பது சரியன்று. துறைத் தலைவர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையும், தீர்ப்பு விவரம் வந்து சேராமல் நிலுவையில் நிற்கும் கைதுப் பதிவுகளை மாதந்தோறும் எண்ணும் ஏற்பாடும் அறிக்கையில் இடம்பெற்றாக வேண்டும்.

குறைகளும் உண்டு. அகராதி மிகப் பெரியது. தேவையான பகுதியை மட்டும் பிரித்தெடுக்கக் கருவி இருந்தாலும், புதிதாக வருகிறவர் பழகிக்கொள்ளக் காலம் பிடிக்கும். அகராதியில் இல்லாத உறுப்புகளை உள்ளூர்த் தேவைக்காகச் சேர்த்துக்கொள்ள அனுமதி இருப்பது நல்லதுதான். ஆனால் பக்கத்து மாவட்டத்தோடு கலந்து பேசாமல் ஒவ்வொருவரும் சேர்த்துக்கொண்டே போனால், பொது அகராதி என்ற பெயர் மட்டுமே மிஞ்சும்.

பராமரிப்புச் செலவைப் பல அறிக்கைகள் அறவே விட்டுவிடுகின்றன. நீமின் மூன்றாம் பெரும் பதிப்பு 2013இலும், நான்காவது 2017இலும், ஐந்தாவது 2020இலும் வெளிவந்தன. 2022இல் தகவல் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஒயாசிஸ் அமைப்பின் கீழ் அது திறந்தநிலைத் திட்டமாக மாறியது. பழைய பதிப்பில் கட்டிய பரிமாற்றம் மறுநாளே நின்றுவிடாது என்றாலும், பங்காளி அலுவலகம் புதிய பதிப்புக்கு மாறும்போது இடையில் மொழிபெயர்க்கும் வேலை நம் தலையில் விழும். ஆகவே தொடக்கச் செலவோடு, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கான பதிப்பு மாற்றத்தையும் மறுபரிசோதனையையும் தனித் தலைப்பில் காட்டி நிதி கேட்பதே முறை.