கண்ணாடியை மட்டும் மினுக்குங்கோ

யாழ்ப்பாணத்தில் இப்போது மணிக்கூட்டுக் கடை என்றால் ஏசி, பளிச்சென்ற காட்சிப் பெட்டி, வாசலில் காவலாளி. பற்றறி போட அவை தாராளம். சேகரிப்பு மணிக்கூட்டை அங்கே நீட்ட முன்னம் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

விசயம் கண்ணாடியில் விழுந்த சின்னக் கீறல்தான். மணிக்கூடு, 2017 ஜனவரியில் ஒமேகா இணையத்தில் விட்ட 'ஸ்பீடி ரியூஸ்டே' என்ற ஸ்பீட்மாஸ்ரர் பதிப்பு. மொத்தம் 2012 மட்டுமே செய்தார்கள். நாலேகால் மணித்தியாலத்தில் எல்லாம் முன்பதிவாகிவிட்டது. கண்ணாடி என்று சொல்கிறோமே ஒழிய அது ஹெசலைற், ஒருவகை அக்ரிலிக் பிளாஸ்ரிக். கேற்றில் பட்டாலும் கீறும், பஸ் கம்பியில் பட்டாலும் கீறும். மினுக்கினால் போய்விடும்.

கடைத் தம்பி ஒருதரம் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி மாத்துவம் அண்ணை. கேசையும் மோட்டரில பிடிச்சு மினுக்கித் தாறன், புதுசு மாதிரி வரும்."

இரண்டும் வினை. ஒமேகா ஹெசலைற்றின் நடுவில், லூப் என்கிற உருப்பெருக்கி பிடித்தால் மட்டும் தெரியும் அளவில், கம்பனிச் சின்னம் பொறித்திருக்கும். சந்தையில் வாங்கிப் போடும் சாதாரணக் கண்ணாடியில் அது இராது. விசயம் தெரிந்தவர் வாங்க வந்தால் அதைத்தான் தேடுவார். அளவு சற்றுப் பிசகினால் நம்மூர் ஈரமும் உள்ளே போய்விடும்.

கேஸ், அதாவது உலோகக் கூடு, இன்னும் மோசம். இந்தப் பதிப்பின் உருக்கு மினுக்கம் இல்லாதது, நுண்கோடுகள் ஓடுவது. மோட்டரில் சுழலும் மினுக்குச் சில்லில் ஒரு நிமிசம் பிடித்தால் கோடு அழியும், வார் பூட்டும் கொம்புகளின் ஓரம் உருண்டுபோகும், பின்மூடியில் வெட்டிய பதிப்பு இலக்கமும் மங்கும். போன உலோகம் திரும்பி வராது. சுவிசிலும் முழுச் சேர்விஸ் என்றால் மினுக்குவதும் சேர்த்திதான், ஆனால் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் தொடமாட்டார்கள். இங்கே வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மணிக்கூடு பின்னறைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. "காசு வேண்டாம் அண்ணை, சும்மா செய்து தாறன்" என்கிற நல்ல மனத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

சந்தைப் பக்கம், சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கண்ணில் லூப்போடு இருக்கும் பழைய ஆட்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் மிச்சம். ஒருவர் நகத்தால் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்ரிக் தம்பி. ஏன் மாத்துவான்?" ரோமர், ரைற்றோனி மணிக்கூடுகளை ஊரெல்லாம் கட்டிய காலத்தில் கண்ணாடி மினுக்குவது அவர்களுக்கு அன்றாட வேலை. பற்றறியில் ஓடும் குவார்ட்ஸ் வந்த பிறகு மினரல் கண்ணாடி, அதாவது உண்மைக் கண்ணாடி. கீறினால் கழற்றி எறிவது மட்டும்தான். இளசுகளுக்கு அந்தக் கை பழகாததற்கு அதுதான் காரணம்.

செய்கிற முறை இது. முதலில் வெளி வளையத்துக்கு ரேப் ஒட்ட வேண்டும். அது அலுமினியம், மேலே வேகம் கணக்கிடும் ராக்கிமீற்றர் எழுத்து; 90க்கு மேல் நிற்கும் புள்ளி தேய்ந்தால் சேகரிப்பவர் முகம் சுளிப்பார். நகம் கீறலில் தடக்கினால் 2000 இலக்க ஈரக் கடதாசியால் ஒரு திசையில், பிறகு 3000ஆல் குறுக்கே. தடக்காவிட்டால் கடதாசியே வேண்டாம். பிறகு பிளாஸ்ரிக் கண்ணாடி மினுக்கும் பொலிவொச் பசை துளியளவு, பஞ்சில் தொட்டு இரண்டு மூன்று நிமிசம் தேய்த்துத் துடைத்துப் பார்ப்பது, இருந்தால் திரும்பவும். பெரியவர் பித்தளை மினுக்கும் பிராசோவைத்தான் எடுத்தார், அதுவும் வேலை செய்தது. மோட்டர் மட்டும் கூடாது: சூட்டில் பிளாஸ்ரிக் இளகி மேற்பரப்பு அலையலையாகும். சபையர் கண்ணாடிக்கு இந்த வித்தை சரிவராது. கீறல் அப்படியே இருக்கும், மேலே ஒளித்தெறிப்புத் தடுக்கும் பூச்சு இருந்தால் அதுதான் கெடும்.

பெரியவர் கேட்ட காசு, ஒமேகா இருக்கும் சுவிஸ் நகரமான பீலில் ஒரு கோப்பிக்கும் காணாது.

ஆனால் வார் மாற்றும்போது அவரும் பேனாக்கத்தியைத்தான் எடுத்தார். பெட்டியோடு வரும் வார் கழற்றும் கருவியை மறக்காமல் கொண்டுபோங்கள். கொம்புகளின் உட்புறத்திலும் ரேப் ஒட்டிவிட்டே கையில் கொடுங்கள். மாற்று வார் 20 மில்லிமீற்றர்.