உதவித்தொகையுடன் கோடை ஆய்வுப் பயிற்சி: சேரும் முன் இதைப் படியுங்கள்

இளங்கலை உளவியல் இரண்டாம் ஆண்டு முடித்த கையோடு, பயன்பாட்டு உளவியலில் எட்டு வார ஆய்வுப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். வேலையிட மன அழுத்தம் பற்றிய ஆய்வு. உதவித்தொகை உண்டு, பேராசிரியரின் வழிகாட்டுதல் உண்டு, ஆய்வுக் கட்டுரையில் பெயரும் வரும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பணம் பாதிதான் வந்தது, பெயர் வரவில்லை. ஆனால் பணத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை. மூன்றாவது வாரம் நடந்த ஒரு விஷயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் நடத்தியவர்களின் பெயரைச் சொல்லவில்லை.

முதல் நாள் அரை நாள் அறிமுகக் கூட்டம். அறிவிப்பில் படம் போட்டிருந்த பேராசிரியர் வீடியோவில் வந்து இருபது நிமிடம் பேசினார். எட்டு வாரத்தில் அவரைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுநாளே படிவக் கட்டுகளைக் கையில் கொடுத்து, ஆளுக்கு இத்தனை பேர் என்று கணக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆய்வுக் கேள்வி என்ன, ஏன் இந்த அளவுகோல்கள், எத்தனை பேரிடம் கேட்டால் போதும், எப்படி மதிப்பெண் போடுவது, எதையும் சொல்லித் தரவில்லை. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணைக் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர். அங்கேயே நின்று இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

படிவத்தில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று உளவியலாளர்கள் மாஸ்லாக், ஜாக்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட, வேலையால் வரும் சோர்வை (burnout) அளக்கும் அளவுகோல், 22 கூற்றுகள். அதைப் பயன்படுத்தப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களிடம் இருந்தது கோணலாக எடுத்த நகல், அடியில் இருக்க வேண்டிய பதிப்புரிமை வரியைக் காணோம். இன்னொன்று மனச்சோர்வை (depression) அளக்கும் பிஎச்கியூ-9 (PHQ-9) கேள்வித்தாள். அது இலவசம், யாரும் பயன்படுத்தலாம். கடந்த இரண்டு வாரங்களில் எப்படி இருந்தீர்கள் என்று ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது.

இரவுப் பணியில் இருந்த ஒரு அம்மாவிடம் படிவத்தை வாசித்துக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது கேள்விக்கு அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பாதி நாளுக்கு மேல" என்றார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "என்னம்மா, எழுதிக்கலையா?" என்று அவர்தான் கேட்டார்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஒருங்கிணைப்பாளருக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த அம்மாவோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மனம்விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அக்கா இருக்கிறார் என்றார். என் முன்னாலேயே அக்காவுக்குப் போன் போட்டார். அது சரியான முறைதானா என்று எனக்கு அப்போது தெரியாது. மாலையில் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பதில் வந்தது: படிவம் முழுசா இருந்தா ஏத்திடுங்க.

அந்த அம்மாவின் மொத்த மதிப்பெண் 8. பிஎச்கியூ-9 கணக்கில் 5 முதல் 9 வரை லேசான அளவு. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் அந்தப் படிவத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் தனியாகக் கவனிக்க வேண்டும், யாரை அழைப்பது, உதவி எண் எது, அன்றே பேசக்கூடிய மனநல நிபுணர் யார் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் கல்லூரி ஆசிரியர் பிறகு சொன்னார். மறுநாள் அதே இடத்துக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு ஷிப்ட் மாறியிருந்தது. படிவத்தில் பெயர் வாங்கக் கூடாது என்பதால் என்னிடம் பெயரும் இல்லை.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். சேரும்போது தந்த கடிதத்தில் உதவித்தொகைத் தொகைக்குப் பின்னால் 'வரை' என்று ஒரு சொல் இருந்தது. கடைசி வாரம்தான் அதன் அர்த்தம் விளங்கியது: முழுமையான படிவம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்காம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை நம்பி நடுவில் நிறுத்தியவர்களின் படிவங்களுக்குக் காசே இல்லை. இதை வெறும் சம்பளத் தகராறாக நினைக்காதீர்கள். மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கு 1979இல் அமெரிக்காவில் வந்த பெல்மாண்ட் அறிக்கை வைத்த முதல் கொள்கையே மனிதர்களை மதிப்பது. பங்கேற்பவர் தன் விருப்பத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அதிலிருந்து வருகிறது. படிவத்துக்குக் காசு என்றால், எழுந்து போக நினைப்பவரை உட்கார வைக்கத்தான் மாணவருக்குக் கை போகும். "விடுபட்டதை நீங்களே பார்த்துப் போட்டுடுங்க" என்றும் சொன்னார்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் இரவில் உட்கார்ந்து நிரப்பினார்கள். பணத் தேவை இருந்த பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த எண்கள் ஒரு கட்டுரைக்குள் போகப் போகின்றன என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

கட்டுரையில் பெயர் வராதது பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தரவு சேகரித்தால் மட்டும் ஆசிரியராக முடியாது. அறிவுசார் பங்களிப்பு இருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. அதனால், நுழைந்த அன்றே கட்டுரையில் பெயர் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஒழுங்காக நடக்கும் பயிற்சிகளும் இருக்கின்றன. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இளங்கலை ஆய்வுத் திட்டத்தில், உளவியல் உட்படப் பல துறைகளில், மாணவர் ஒரு வழிகாட்டியோடு உண்மையான ஆய்வில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார். நல்ல இடத்தில் சேர்ந்த என் சீனியர் அக்கா ஒருவர் முதல் இரண்டு வாரம் படிவத்தையே தொடவில்லை. நெறிமுறைப் பயிற்சி, படிப்பு, பகுப்பாய்வு எப்படி என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, இவைதான். வாரம் ஒருமுறை வழிகாட்டியோடு ஒரு மணி நேரம். கடைசி நாள் தன் பகுதியைத் தானே விளக்கினார்.

ஆகவே சேரும் முன் எழுத்தில் கேளுங்கள். உதவித்தொகை நிலையானதா, எந்தத் தேதியில் வரும், எதற்காகப் பிடிப்பார்கள்? ஒப்புதல் எண் என்ன? வாரத்தில் எத்தனை மணி நேரம் வழிகாட்டியைப் பார்க்க முடியும்? பங்கேற்பவர் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் யாருக்குப் போன் செய்வது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு பணம் தந்தாலும் சேராதீர்கள். போன வருடம் அங்கே இருந்த மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். அவர்களுடைய எண்ணைத் தர மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சியை நடத்தியவர்கள் சார்ந்திருக்கும் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவுக்கு எங்களில் நான்கு பேர் கையெழுத்திட்டுப் புகார் அனுப்பியிருக்கிறோம். கடிதம், செய்திகள், பணம் வந்த விவரம் எல்லாவற்றையும் இணைத்தோம். இதே போல எங்காவது மாட்டியிருந்தால் நீங்களும் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பங்கேற்பாளர்களின் படிவங்களை மட்டும் நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம், அவை அவர்கள் நம்பிச் சொன்ன விஷயங்கள்.