வன்னியிலிருந்து வயதானவர்களோடு ஒரு பயணம்: எது தோது?

ஆடி, ஆவணியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்திறங்கியதும் வன்னி வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். அம்மா அப்பாவை எங்கே கூட்டிப்போவது? ஒரு மகன் நுவரெலியா என்பான், மகள் இந்தியா என்பாள், மருமகன் அதற்குள் வான் வண்டிக்குச் சொல்லி முடித்திருப்பார். போகப்போகிறவரைக் கேட்டால் "எனக்கு எங்கையும் வேண்டாம், மாட்டை ஆர் பாக்கிறது?" என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்வியை மறுப்பு என்று எடுக்கத் தேவையில்லை. மாட்டுக்கு ஓர் ஆளை ஒழுங்கு செய்துவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

பயணத்தால் வயதானவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இதயநோய் வரும் ஆபத்துக் கூடிய 12,338 நடுவயது ஆண்களை ஒன்பது ஆண்டுகள் கவனித்தது. ஆண்டுதோறும் விடுமுறையில் போய்வந்தவர்களிடையே இறப்புக் குறைவு என்று கண்டது. ஆனால் உடம்பும் கையிருப்பும் இடம்கொடுப்பவர்தான் அடிக்கடி வெளிக்கிடுவார், அதனால் பயணம்தான் ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்குக் கூடுதலாக உதவியது 2010இல் வந்த நெதர்லாந்து ஆய்வு. சுமார் 1,500 பேரைக் கேட்டுப் பார்த்ததில், பயணம் போக இருப்பவர்கள் போவதற்கு முன்னரே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகோ, "மிகவும் ஆறுதலாகக் கழித்தோம்" என்று சொன்னவர்களிடம் மட்டும்தான் அந்த மகிழ்ச்சி சிறிது காலம் தங்கியது. மற்றவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இவை முதியவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் அல்ல. என்றாலும் அளவுகோல் கிடைத்துவிட்டது. எதிர்பார்த்துக் காத்திருக்க நாள் இருக்கிறதா? போன இடத்தில் ஆறுதல் இருக்கிறதா? மூன்றாவதை நான் சேர்த்துக்கொள்கிறேன்: முழங்காலுக்கும் மலசலகூடத்துக்கும் வழி இருக்கிறதா?

இந்த அளவுகோலை ஒருநாள் வான் சுற்றில் வைத்துப் பார்ப்போம். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, நல்லூர், நயினாதீவு, கீரிமலை, செல்வச்சந்நிதி எல்லாம் முடித்து, திரும்பும் வழியில் முறிகண்டியில் தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிக்கொண்டு நடுச்சாமத்தில் வீடு. செலவு குறைவு, இரவு தங்கத் தேவையில்லை, சொந்தக் கட்டிலில் படுக்கலாம். நல்லது எல்லாம் அவ்வளவுதான். மீதி முழுக்க ஓட்டம். நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆடும் படகுக்குள் கால் வைப்பது முழங்கால் நோ உள்ளவருக்குச் சின்ன வேலையில்லை. படகுக்கு வரிசை, கோயிலில் வரிசை, பிறகு "கெதியா வாங்கோ, அடுத்த படகு போயிடும்."

இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்றிருக்கிறது. வழியில் சலம் கழிக்க இடம் கிடைக்காது என்று எங்கள் வயதான பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள். சிலர் சலம் போக்கும் குளிசையையும் அன்றைக்கு விட்டுவிடுவார்கள். மே முதல் ஆவணி வரை அடிக்கும் வெயிலில் அது தலைச்சுற்றிலும் விழுகையிலும் கொண்டுபோய் விடும். வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் பலருக்கு இருக்கும் ஊர்களில் இது விளையாட்டில்லை. எந்தக் குளிசையை எத்தனை மணிக்குப் போடலாம், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதைப் பயணத்துக்கு முதல் வரும் கிளினிக்கிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தாங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. அப்புறம், மணிக்கணக்காகக் காலைத் தொங்கவிட்டபடி இருந்தால் கால் வீங்கும், காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வானை நிறுத்தி நாலடி நடக்க வைப்பவரே நல்ல சாரதி. இவ்வளவையும் செய்தால் அந்தச் சுற்றில் பாதி இடங்களுக்குத்தான் போக முடியும். பாதி போதும் என்பதே என் கட்சி.

திருகோணமலை வேறு வகை. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை ஊடாக நூறு கிலோமீற்றருக்குள் வரும், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிட்டாலும் மத்தியானத்துக்குள் போய்விடலாம். சித்திரை முதல் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் என்பதால் பிள்ளைகள் வரும் ஆவணிக்கும் பொருந்தும். இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் ஒன்றும் வேண்டாம், பின்னேரம் கடற்கரையில் இருந்தால் போதும். இரண்டாம் நாள் விடிய, வெயில் ஏறுமுன் கோணேசர் கோயில். கோட்டைக்குள்ளால் மேலே போகும் பாதையில் பெரும்பகுதியை வாகனத்திலேயே கடந்துவிடலாம், மிச்சப் படிகளை ஆறுதலாக ஏறலாம். சம்பந்தர் பாடிய தலம், பதிகம் மனப்பாடமாகத் தெரிந்த தலைமுறை இது. அங்கே நின்று அவர்கள் பாடுவதைக் கேட்கத்தான் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும், செல்பி எடுக்க அல்ல. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் சூடு ஒன்றுக்கொன்று மாறும், வாளியால் அள்ளி ஊற்றினால் மூட்டுக்கு இதம். ஆனால் தரை எப்போதும் ஈரம். ஒருவர் கையைப் பிடித்தபடியே நிற்க வேண்டும்.

திருகோணமலையை நான் முன்னுக்கு வைப்பதற்குக் காரணம் அங்குள்ள இடங்களைவிட அந்த இரண்டாம் இரவுதான். முதல் இரவில் புதிய கட்டில், புதிய அறை, நித்திரை வராது. இருட்டில் மலசலகூடத்தைத் தேடித் தடுக்கி விழுவதும் அன்றைக்குத்தான் நடக்கும். கீழ்மாடி அறை, இரவில் எரியும் ஒரு சின்ன லைட், கொமோட் உள்ள குளியலறை, இந்த மூன்றையும் அறை எடுக்கும்போதே கேளுங்கள். இரண்டாம் நாள் பின்னேரம் பார்த்தால் ஆள் மாறியிருப்பார். பக்கத்து அறைக்காரரோடு எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கதை தொடங்கியிருக்கும். பிள்ளைகள் எல்லாம் கனடா, லண்டன், பிரான்ஸ் என்று போய்விட்ட வீட்டில் தனியே தொலைக்காட்சியோடு இருப்பவருக்கு இந்தக் கதைதான் மருந்து.

ஆறுதலாகத் தங்கும் பயணம் வன்னிக்குப் புதிதுமில்லை. மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்கள் 15ஆம் தேதிக்குப் பல நாள் முன்னரே போய், காட்டு மரங்களின் கீழ் கூடாரம் அடித்துச் சமைத்துத் தங்குவது வழக்கம். ஆச்சிமாருக்கு அந்த நாட்கள் போதாமல் போகும். நிலத்தில் படுத்தெழும்ப முடியாதவருக்கு மட்டும் ஒரு மடக்குக் கட்டில் கொண்டுபோக வேண்டும். சைவர்களுக்கு அதே மன்னார்ப் பக்கம் திருக்கேதீச்சரமும் அதன் பாலாவித் தீர்த்தமும் இருக்கின்றன. கிளிநொச்சியிலிருந்து பூநகரி வழியாகப் போனால் நெரிசலே இல்லை. கூட்டத்துக்குப் பயந்தவருக்கு இதுதான் முதல் பயணம்.

நுவரெலியாவைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், குளிரில் பிரஷர் ஏறும், தொய்வு (ஆஸ்துமா) உள்ளவருக்கு இரவு முழுக்க இருமல். கண்டிக்கு அப்பால் வரும் வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி. சித்திரையில் அறை வாடகை மும்மடங்கு கேட்டாலும் ஆச்சரியமில்லை. தேயிலைத் தோட்டம் பார்க்க ஆசைப்படுவது பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்தான், அதை ஆச்சியின் ஆசை என்று கணக்கெழுதுகிறோம். ஒருவர் தானாகக் கேட்டால் மட்டும் கூட்டிப்போங்கள். ஸ்வெட்டரும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம்.

இந்தியாதான் தீர்ப்புச் சொல்லக் கடினமானது. முன்பு கொழும்புக்குப் போய்த்தான் விமானம் ஏற வேண்டியிருந்தது. 2019இல் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமானது, 2023இல் காங்கேசன்துறை நாகபட்டினம் கப்பலும் தொடங்கியது. கப்பல் இடையில் நின்று நின்று ஓடியது, மாரியில் கடல் கொந்தளித்தால் நிற்கவும் செய்யும். ஆகவே போகும் வழி எதுவானாலும் திரும்பும் நாளை இறுக்கமாக வைக்காதீர்கள். கடவுச்சீட்டு, விசா என்று ஓடும் அந்த வாரங்களே எதிர்பார்ப்பைத் தந்துவிடும். சிதம்பரம் பார்க்க வேண்டும் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவருக்கு அதற்கு ஈடு வேறில்லை. யுத்த காலத்தில் படகேறிப்போன சகோதரம் இன்னும் தமிழ்நாட்டு முகாமில் இருந்தால், கோயிலை விட்டுவிட்டு நேரே அங்கே போங்கள்.

ஆனால் பத்து நாளில் இருபது கோயில் காட்டும் யாத்திரைக் குழுவில் எழுபது வயதுக்காரரைத் தனியே ஏற்றிவிடுவது சரியில்லை. இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடி, ஈர உடுப்போடு ஈரத் தரையில் நடப்பது இளையவருக்கே சறுக்கும். திருவண்ணாமலையில் கிரிவலம் 14 கிலோமீற்றர், ஓட்டோவில் சுற்றினாலும் புண்ணியம் குறையாது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது முன்பே இருக்கும் வருத்தங்களுக்குப் பணம் தருமா என்று வாசித்துப் பாருங்கள், பலவற்றில் தராது. சீனி வருத்தக்காரரின் இன்சுலினும் எல்லாக் குளிசைகளும் கைப்பையில் வர வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. கிளினிக் கொப்பியின் படத்தை கூடப் போகிறவரின் போனிலும் வைத்திருங்கள்.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வரும் ஆவணியில் பல வீடுகளில் சிறுபோக வெட்டு நிற்கும், கமக்காரரின் மனம் வயலில்தான் இருக்கும். காலபோக நெல் விற்றுக் கையில் காசு இருக்கும் பங்குனியில் அவரே நாள் சொல்வார். பிள்ளைகள் வர முடியாவிட்டால் பரவாயில்லை. அயலில் இருக்கும் ஒத்த வயதுக்காரர் ஒருவரையும், தூக்கிப் பிடிக்கக்கூடிய இளவட்டம் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். பெரிய ஏசி வானுக்கு அனுப்பும் காசில் அந்த இருவரின் செலவும் இன்னொரு இரவு அறை வாடகையும் அடங்கிவிடும்.