தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று: பார்த்து வாங்கினால் நல்ல சரக்கு

மல்லிகை போட நாற்றுக்குத் தங்கச்சிமடம் வரை போகத்தான் வேண்டுமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். பத்து சென்ட், இருபது சென்ட் என்று தோட்டமாகப் போடுவதென்றால் கண்டிப்பாகப் போங்கள். வாசலுக்கு நான்கு செடி போதும் என்றால் அவ்வளவு தூரம் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பழைய மல்லிகையின் தூரைக் கிளறிப் பாருங்கள், வேரோடு கன்று கிடைக்கும். நான் இரண்டு வழியிலும் செடி வளர்த்திருக்கிறேன். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்களுக்கு மானாமதுரைப் பக்கம் கொஞ்சம் செம்மண் நிலம். என் மாமியார் பூக்கட்டி விற்பவர். சந்தையில் வாங்கும் பூவை நம்பியே எத்தனை காலம் இருப்பது, நம் நிலத்திலேயே போடலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். பத்து சென்ட் ஒதுக்கினோம். குண்டுமல்லிக்குச் செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை ஒன்றேகால் மீட்டர் விடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அந்தக் கணக்கில் ஹெக்டேருக்கு 6,400 செடி, பத்து சென்ட்டுக்குச் சுமார் 260. பட்டுப்போவதற்கும் சேர்த்து 300 வாங்குவது என்று முடிவு செய்தோம்.

தங்கச்சிமடம் ராமேஸ்வரம் தீவில் இருக்கிறது. பாம்பன் பாலம் தாண்டி, ராமேஸ்வரம் போய்ச் சேருவதற்கு முன் வரும் ஊர். தென்னைகளுக்கு அடியில் மணலில் பாத்தி பாத்தியாக மல்லிகைக் குச்சி ஊன்றி வைத்திருப்பார்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த மதுரை மல்லி பூக்கும் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் நாற்று போவது இந்தத் தீவிலிருந்துதான் என்பது மல்லிகை போட்டவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் போன தோட்டம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. குடும்பமாகச் செய்கிறார்கள்.

அங்கே எனக்கு முதலில் பிடித்தது, தாய்ச்செடியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் கூட்டிப்போய்க் காட்டியது. "வாங்கம்மா, அதப் பாக்காம நாத்து வாங்கக் கூடாது" என்று அந்தத் தோட்டத்து அக்காவே சொன்னார். குண்டுமல்லி விதை பிடிப்பது அரிது. குச்சி, பதியன், பக்கக்கன்று என்று செடியின் உடம்பிலிருந்து எடுத்துத்தான் அடுத்த செடி வர வேண்டும். அதனால் தாய் எப்படியோ அப்படியேதான் பிள்ளையும் இருக்கும். தாய்ச்செடி மொக்கு சிறுத்ததாக இருந்தால் உங்கள் 300 செடியிலும் சிறுத்த மொக்குதான். இலையைப் பார்த்து முல்லையையும் பிச்சியையும் குண்டுமல்லியிலிருந்து பிரித்துவிடலாம். பிச்சிக்கு ஒரே காம்பில் இரு பக்கமும் சிற்றிலைகள் இருக்கும், குண்டுமல்லிக்கு எதிரெதிராகத் தனித்தனி இலை. ஆனால் குண்டுமல்லிக்குள்ளேயே நல்லது எது, சுமார் எது என்று இலை சொல்லாது. பூத்து நிற்கும் தாய்தான் சாட்சி. தாய்ச்செடியைக் காட்டத் தயங்கும் இடத்தில் நாற்று வாங்காதீர்கள்.

குச்சி தயாரிக்கும் வேலையை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நுனிப் பச்சையும் எடுப்பதில்லை, முற்றி வெளுத்துப்போன அடிக்கட்டையும் எடுப்பதில்லை. நடுவில், வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிர்கிற பதத்தில் இருப்பதைத்தான் வெட்டுகிறார்கள். ஒரு குச்சிக்கு நான்கு கணு. அடிக்கணுவை ஒட்டிக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. கீழ் இரண்டு கணுவின் இலையைக் கிள்ளிவிட்டு, அந்த இரண்டும் மணலுக்குள் போகும்படி ஊன்றுகிறார்கள். வேர் கிளம்புவது கணுவிலிருந்துதான். மேலே விட்ட இலை குச்சியை உயிரோடு வைத்திருக்கும், ஆனால் அதிகமாக விட்டால் வேர் வருவதற்குள் ஈரத்தையெல்லாம் அதுவே உறிஞ்சிவிடும். அதனால் பெரிய இலைகளைப் பாதியாக நறுக்குகிறார்கள். வேர் விடச் செய்யும் பவுடர் எதுவும் தொடுவதில்லை. தென்னை நிழல், மணல், காலையும் மாலையும் தண்ணீர், அவ்வளவுதான்.

அந்த மணல்தான் இந்த ஊரின் பலம். எவ்வளவு ஊற்றினாலும் தேங்காது. குச்சியின் வெட்டுவாய்க்குக் காற்று கிடைக்கும், அழுகல் குறைவு. பிடுங்கும்போது இன்னொரு லாபம். பாத்தியை நன்றாக நனைத்துவிட்டுத் தூக்கினால் வேர் அறுபடாமல் கொத்தாக வந்துவிடும். எங்கள் கண் முன்னால்தான் பிடுங்கினார்கள். சல்லிவேர் அடர்த்தியாக, வெளிர் பழுப்பில், பார்க்கவே நிறைவாக இருந்தது. நூறு நூறாகக் கட்டி, வேர்ப்பகுதியை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள்.

விலை சீசனுக்குச் சீசன் மாறும். நாங்கள் வாங்கியபோது ஒரு டீயின் விலைக்கு மூன்று நாற்று கிடைத்தது. எங்கள் பக்கத்து நர்சரி ஒன்றில் பாக்கெட்டில் வளர்த்த ஒரு செடிக்குக் கொடுக்கும் காசில் இங்கே பத்து நாற்று வாங்கலாம். மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, நட்ட பிறகும் இதுதான் மேல். அந்தப் பாக்கெட்டுகளில் களிமண்ணை அடைத்திருந்தார்கள். செம்மண்ணில் வைத்து, பிறகு ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் உருண்டை அப்படியே இருக்கிறது, வேர் அதற்குள்ளேயே வட்டம் சுற்றிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. தங்கச்சிமடத்து நாற்றில் ஒட்டியிருந்த மணல் ஒரு தண்ணீரில் உதிர்ந்து, வேர் நேராக எங்கள் மண்ணைத் தொட்டது.

குறைகளும் உண்டு. தரம் பிரிப்பதில்லை. ஒரே கட்டில் பென்சில் கனத்தில் அருமையான நாற்றும் இருக்கிறது, ஈர்க்குச்சி போல ஒல்லியானதும் இருக்கிறது. கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னால் மறுப்பதில்லை, ஒல்லியானதை மாற்றியும் கொடுக்கிறார்கள். ஆனால் கேட்டால்தான். போனில் சொல்லி வரவழைத்தால் இதைக் கேட்கவே முடியாது. என் நாத்தனார் அப்படி வேறொரு தோட்டத்திலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்தார். இறுக்கிக் கட்டியதில் உள்ளே சூடேறி, நடுக்கட்டில் இலை மொத்தமும் கருத்து உதிர்ந்திருந்தது. அந்தப் பணம் திரும்பவில்லை. உழைத்துச் சேர்த்த காசு, எனக்கு இன்றும் வருத்தம்தான். நேரில் போக முடியாவிட்டால் அந்தப் பக்கம் போகிற ஆள் கையில் சொல்லிவிடுங்கள். பார்சல் வேண்டாம்.

வேரையும் அவசியம் பாருங்கள். மணற்பாங்கான மண்ணில் வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழு என்ற நுண்புழு சுலபமாகப் பெருகும், மல்லிகையும் அதற்கு வாகான பயிர். வேரில் கடுகு கடுகாக முடிச்சு தெரிந்தால் அந்தக் கட்டே வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பிறகு இலை மஞ்சளித்துச் செடி வளராமல் நிற்கும்போது இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டே இருப்போம், கோளாறு அடியில் இருக்கும். எங்கள் கட்டுகளில் சந்தேகப்படும்படி இருந்த சிலவற்றை அங்கேயே எடுத்துப் போட்டோம், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

நட்ட விவரம் சுருக்கமாக. ஒரு அடி ஆழ, அகலக் குழியைப் புரட்டாசிக்கு முன்பே வெட்டி வெயிலில் ஆறப்போட்டோம். ஒரு கூடை மக்கிய தொழுவுரம். வேர் நோயைத் தடுக்கும் நன்மை பாக்டீரியாவான சூடோமோனாஸை லிட்டருக்கு 10 கிராம் கரைத்த தண்ணீரில் வேரை நனைத்து நட்டோம். முதல் வாரங்களில் பழைய இலை கொட்டியது. பனை ஓலை நிழலும் ஐப்பசி மழையும் சேர்ந்து தூக்கிவிட்டன, கணுவுக்குக் கணு துளிர் வந்தது. பத்துக்கு ஒன்று போயிருக்கும், அதற்கு மேல் இல்லை. முதலில் வந்த மொக்குகளை மாமியார் கிள்ளச் சொன்னார். மனசு வராத வேலைதான், ஆனால் செடி பக்கம் பக்கமாகக் கிளைத்தது அதனால்தான்.

இனி, நான்கு செடி மட்டும் வேண்டியவர்களுக்கு. வயதான மல்லிகையின் தூரைச் சுற்றி மண்ணிலிருந்து தளிர்கள் கிளம்பும். தரையைத் தொட்டுக் கிடக்கும் கிளைகளும் கணுவில் வேர் விட்டிருக்கும். மழைக்காலத்தில் மண்ணை மெதுவாக விலக்கி, வேர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, தாயோடு சேரும் இடத்தில் கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு. வெட்டியதும் பிடுங்காமல் ஒரு வாரம் அப்படியே விட்டால் தன் வேரில் நிற்கப் பழகிக்கொள்ளும். அப்புறம் மண்ணோடு எடுத்து வையுங்கள். குச்சியைவிட இது சீக்கிரம் பூக்கும், ஏனென்றால் வேர் ஏற்கெனவே தயார். எங்கள் வாசலில் நிற்பது இப்படி வந்ததுதான். தோட்டத்துக்கு இந்த வழி ஆகாது. ஒரு தூரில் நான்கைந்து கன்றுக்கு மேல் கிடைக்காது, தாயின் வேரில் நோய் இருந்தால் மண்ணோடு அதுவும் கூடவே வரும்.

குச்சியே ஊன்றிப் பார்க்க ஆசை என்றால் கார்த்திகையில் கவாத்து செய்யும் வீடுகளில் கேளுங்கள். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுவார்கள், வெட்டிய கிளை குப்பைக்குத்தான் போகும். அதில் நடுப்பதக் குச்சியாகப் பொறுக்கி மணல் நிரப்பிய தொட்டியில் ஊன்றலாம். கடையில் விற்கும் வேர்ப் பவுடர் பற்றியும் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் தொட்டதற்கும் தொடாததற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கோடையில் தொட்ட குச்சிகள் கூடுதலாகப் பிழைத்தன. மழை நாளில் ஊன்றுகிறவர்கள் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

தங்கச்சிமடம் போகிறவர்கள் மதுரை–ராமேஸ்வரம் பஸ்ஸிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஆடி முதல் ஐப்பசி வரை போனால் நட்டதும் மழை கிடைக்கும். ஒரே தோட்டத்தோடு நிற்காமல் இரண்டு மூன்றில் தாய்ச்செடியைப் பாருங்கள். காலையிலேயே பிடுங்கச் சொல்லி, பழைய சாக்கு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பஸ்ஸில் கட்டைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, ராமநாதபுரத்தில் ஒரு தடவை தண்ணீர் தெளித்துக்கொண்டால் மானாமதுரை, மதுரை வரை வாடாமல் வரும். அன்று சாயங்காலமே நட்டுவிடுங்கள்.